ஈரல் நோய் குடிப்பவர்க்கு மட்டுமா?

(பரிசளிப்பு விழாவையொட்டி நடந்த பெற்றோர் கூட்டத்தில் நம் பள்ளி ஆசிரியை ஆற்றிய உரை. மலருக்காகச் சில இடங்களில் விரித்து எழுதப்பட்டுள்ளது.)

  

ஆண்டுதோறும் இந்த மேடையில் தாய்மொழிக் கல்வியைப் பற்றியோ, பிள்ளைகளின் ஒழுக்கத்தைப் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். இந்த முறை நான் ஈரல் நோயைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னதும் தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "பரிசு வாங்க வர்ற பிள்ளைங்க முன்னால வியாதியைப் பத்தியா டீச்சர்?" என்றார். "ஐயா, அப்பா அம்மா ரெண்டு பேரும் சேர்ந்து பள்ளிக்கூடத்துக்கு வர்றது வருஷத்துல இந்த ஒரு நாள்தானே?" என்றேன். அவரும் பெருந்தன்மையோடு இசைந்தார்.

நான் டாக்டர் அல்லள். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் பெற்ற சாதாரண ஆசிரியை. நான் சொல்லப் போவதில் பாதி, ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. மறுபாதி, அப்படி உட்கார்ந்திருந்த காலத்தில் படித்தும் டாக்டர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டது.

நம் பெரியவர்கள் ஒரு பயங்கரச் செய்தியைக் கேட்டால் 'ஈரக்குலை நடுங்கிப் போச்சு' என்பார்கள். இதயம் நடுங்கியது என்று சொல்வதில்லை. மலாய்க்காரர்களும் அப்படியே. மனம் நொந்தால் 'சாக்கிட் ஹாத்தி' என்கிறார்கள். ஹாத்தி என்றால் ஈரல்தான். பழைய மக்கள் ஈரலுக்குக் கொடுத்த மரியாதையைப் பாருங்கள்! நாமோ ஆட்டு ஈரலைச் சந்தையில் தேடி வாங்குகிறோமே தவிர, நமக்குள்ளும் ஓர் ஈரல் இருப்பதை நினைப்பதில்லை.

வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே, ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையில் அது இருக்கிறது. உண்ட உணவின் சத்தைப் பிரித்துச் சேமிப்பது, பித்தநீரைச் சுரப்பது, இரத்தம் உறைவதற்கு வேண்டிய பொருளை உண்டாக்குவது, உடம்புக்குள் போன நஞ்சை முறிப்பது என்று அதற்கு வேலை கொஞ்சமல்ல. ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும் மறுபடி வளரும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆனால் ஒரு பெரிய குறை இருக்கிறது. கெட்டுப்போக ஆரம்பித்தால் அது வலிக்காது. பல்லில் சின்ன ஓட்டை விழுந்தால் நம்மைத் தூங்க விடாது. ஈரல் பாதிக்கு மேல் பழுதானாலும் மனிதன் வேலைக்குப் போய் வந்துகொண்டிருப்பான்.

என் அப்பாவும் அப்படித்தான் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார்.

அப்பா இந்தக் கிள்ளான் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மரங்களை அழித்துச் செம்பனை நட்ட பிறகு குலை தள்ளினார். கெட்டிக்கார வேலைக்காரர். மாலையானால் சம்சு. சம்பள நாளில் கொஞ்சம் கூடுதல். நான் நான்காம் படிவம் படிக்கும்போது அவர் கண் மஞ்சளாகி, வயிறு பானைபோல் வீங்கி, 52 வயதில் இறந்துபோனார். லயத்தில் யாரும் வியப்படையவில்லை. 'குடிச்சான், செத்தான்' என்று இரண்டே சொல்லில் கணக்கை முடித்துவிட்டார்கள். நானும் பல ஆண்டுகள் அந்தக் கணக்கைத்தான் நம்பினேன்.

குடியைப் பற்றிப் பேசும்போது நியாயமாகப் பேச வேண்டும் என்பது என் அபிப்பிராயம். நம் பாட்டன்மார் குடிகாரர்களாகக் கப்பலேறி வரவில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடை திறக்க அனுமதி கொடுத்தது அந்தக் காலத்து அரசாங்கம். பிரட்டுக் களத்துக்கும் கோயிலுக்கும் பக்கத்திலேயே கள்ளுக்கடையும் இருந்தது. காலையில் கொடுத்த கூலி மாலையில் கடைக்குத் திரும்பிப் போகும். இதை எதிர்த்துக் குரல் எழுப்பியவர்கள் வேறு யாருமல்லர், இதே கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள்தான். 1941-ல் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற கிள்ளான் வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வு, பிள்ளைகளுக்குப் படிப்பு ஆகியவற்றோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. சற்றே எண்ணிப் பாருங்கள், குடிப்பவர்களே கடையை மூடு என்று போராடினார்கள்! வெள்ளைக்காரன் பட்டாளத்தை இறக்கினான். நாதனை நாடு கடத்தினான். போருக்குப் பின் 1940-களில் கெடாவில் தொண்டர் படையினர் அதே கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறுபடி கிளம்பினார்கள். இந்த வரலாற்றை நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். குடிப்பவனைக் கேலி செய்வது சுலபம். குடியை அவன் வாசலுக்குக் கொண்டுவந்தது யார் என்று கேட்பதுதான் கடினம்.

கள்ளுக்குப் பின் சம்சு வந்தது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், மாணவர்களும் மனத்துக்குள் போட்டுப் பாருங்கள். ஒரு டின் பீரில் ஏறக்குறைய 13 கிராம் சாராயச் சத்து இருக்கிறது. நூற்றுக்கு 40 பங்கு காரமுள்ள சம்சு 150 மில்லிப் புட்டியில் 47 கிராம் இருக்கிறது. ஆக, சட்டைப் பைக்குள் அடங்குகிற அந்தச் சின்னப் புட்டி கிட்டத்தட்ட நாலு டின் பீருக்குச் சமம். 'சின்ன போத்தல்தானே' என்று அப்பா அம்மாவிடம் சொன்னது இப்போதும் என் காதில் இருக்கிறது.

'எங்க பெரியப்பா முப்பது வருஷமா குடிக்கிறாரு, கல்லு மாதிரி இருக்காரே?' என்று ஒருவர் கேட்பார். கேள்வி நியாயம்தான். நெடுநாள் அதிகமாகக் குடிப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஈரலில் கொழுப்புப் படியும். அதற்கு மேல் போய் ஈரல் தழும்பேறிச் சுருங்கிப் போவது நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு. அந்த இருபது பேரில் நாம் உண்டா இல்லையா என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. பெண்களுக்கு இன்னும் குறைந்த அளவிலேயே கெடுதி வரும். இவ்வளவு குடித்தால் ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-ல் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. நம் நாட்டில் 2017 டிசம்பர் முதல் 21 வயது ஆகாதவர்க்கு மது விற்கக் கூடாது. சட்டம் இருக்கிறது, கடைக்காரர் அடையாள அட்டையைக் கேட்கிறாரா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பலர் நம்மைப் போலவே பிழைப்புக்காக இந்த நாட்டுக்கு வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். மெத்தனால் ஈரலைக் கெடுக்க நாள் எடுத்துக்கொள்ளாது. நேரே கண்ணையும் உயிரையும் பறித்துவிடும்.

இதுவரை நான் சொன்னது உங்களுக்கு ஓரளவு தெரிந்த சங்கதி. இனிமேல் சொல்லப் போவதற்காகத்தான் இந்த மேடையைக் கேட்டு வாங்கினேன்.

என் அம்மா வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொட்டவர் அல்லர். அப்பாவின் கிளாசைக் கழுவும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவரும் மரம் வெட்டினார், பிறகு ஆயா கொட்டகையில் பிள்ளை பார்த்தார். நாற்பதைத் தாண்டியதும் இனிப்பு நீர் வந்தது. உடம்பும் கொஞ்சம் பூசினாற்போல் ஆயிற்று. ஒருமுறை வேறு எதற்கோ வயிற்றை ஸ்கேன் எடுத்தபோது, 'ஈரலில் கொஞ்சம் கொழுப்பு இருக்கு' என்று சொன்னார்கள். நாங்கள் சிரித்தோம். 'கொழுப்பு இல்லாத ஆளு யாரும்மா?' என்று தம்பி வேடிக்கை பேசினான். அதோடு மறந்துபோனோம்.

சில ஆண்டுகள் கழித்து அவருக்குக் கால் வீங்கியது. நின்று வேலை செய்த கால் என்று நினைத்தோம். களைப்பு என்றார். வயதாகிறது என்றோம். ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு அம்மா கொல்லைப்புறத்தில் இரத்தமாக வாந்தி எடுத்தார். ஆம்புலன்ஸ் வரும் வரை அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஈரல் சுருக்கம் என்றார் டாக்டர். ஈரல் இறுகிப்போனால் அதன் வழியாகப் போக வேண்டிய இரத்தத்துக்கு வழி அடைபடுகிறது. வாய்க்காலில் மண் மூடினால் தண்ணீர் வரப்பை உடைப்பது போல, அந்த இரத்தம் உணவுக் குழாயின் மெல்லிய நரம்புகளில் போய்ப் புடைத்து ஒரு நாள் வெடிக்கிறது. வாய் வழியே குழாயை விட்டு, புடைத்த இடங்களைச் சின்னச் சின்ன ரப்பர் வளையங்களால் இறுக்கிக் கட்டினார்கள். கண் திறந்த அம்மாவிடம் இதை விளக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'இருபது வருஷம் பால் எடுத்தேன், இப்பத்தான் அது எனக்குத் திரும்பி வந்துச்சு' என்றார்.

அன்பர்களே, அந்த இரத்தத்தை நான் தாங்கிக்கொண்டேன். ஊர்ப் பேச்சைத்தான் தாங்க முடியவில்லை. பார்க்க வந்தவர்கள் வார்டுக்கு வெளியே நின்று, 'உங்க அம்மாவுமா டீச்சர்?' என்று மெல்லக் கேட்டார்கள். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் எங்கள் சொந்தக்கார அம்மாள் ஒருவர், ஆரஞ்சுப் பழத்தைக் கையில் கொடுத்துவிட்டு, 'அப்பாவோட சேர்ந்து அப்பப்ப... மருந்துக்கு மாதிரி... ஏதும் பழக்கம் உண்டாம்மா?' என்றார். அம்மாவின் காதிலும் அது விழுந்திருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு மூன்று மாதம் அவர் கோயிலுக்குப் போகவில்லை. 'என்னைக் குடிகாரின்னு நினைக்கிறாங்க' என்று வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். குடித்தவர்கள் வெட்கப்பட்டு டாக்டரிடம் போவதில்லை. குடிக்காதவர்கள் நமக்கென்ன வரப்போகிறது என்று போவதில்லை. ஆக மொத்தம், யாருமே போவதில்லை.

சரி, குடிக்காதவருக்கு எப்படி வந்தது? உடம்பில் மிஞ்சிய சர்க்கரையையும் கொழுப்பையும் ஈரல் தனக்குள்ளேயே அடைத்து வைக்கிறது. தொப்பை, இனிப்பு நீர், இரத்தக் கொழுப்பு ஆகியவை உள்ளவர்களுக்கு இப்படிப் படிவது அதிகம். பலருக்கு அது அப்படியே சும்மா கிடக்கும். சிலருக்கு அழற்சியாகி, அழற்சி தழும்பாகி, தழும்பு சுருக்கமாகிறது. அதற்குப் பத்தும் இருபதும் ஆண்டுகள் பிடிக்கும்.

எத்தனை பேருக்கு இது இருக்கிறது என்று கேட்டால் அதிர்ந்து போவீர்கள். உலகத்தில் பெரியவர்கள் பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேருக்குக் கொழுப்பு ஈரல். இனிப்பு நீர் உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிக்கு மேல். நம் மலேசியாவில் நகர்ப்புறத்தை ஒட்டிய மக்களிடையே நடத்தி 2013-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 100-க்கு 23 பேர் வரை இருந்தார்கள். சீனர்களைவிட மலாய்க்காரர்களிடமும் இந்தியர்களிடமும் அது அதிகம். ஏன் என்பதற்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2019-ல் அரசாங்கம் எடுத்த தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில் இந்தியர்களில் பெரியவர்கள் பத்துப் பேரில் மூன்று பேருக்கு இனிப்பு நீர். மற்ற இரு பெரிய இனங்களைவிட நாம் முன்னால் நிற்கிறோம். பரிசளிப்பு விழாவில் எத்தனையோ துறைகளில் முதலிடம் வேண்டும் என்று வாழ்த்துகிறோம், இந்த முதலிடம் நமக்கு வேண்டாம்.

பல்கலைக்கழக மருத்துவமனை டாக்டர்கள் கோலாலம்பூரில் ஈரல் சுருக்கம் கண்ட நானூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 2011-ல் எழுதியிருக்கிறார்கள். எல்லா இனத்தாரையும் சேர்த்துப் பார்த்தால் முதல் காரணம் மது அல்ல, ஹெப்படைட்டிஸ் பி என்னும் கிருமி. கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அதுதான். இந்தியர்களைத் தனியே பார்த்தால்தான் மது முன்னுக்கு வருகிறது. காரணமே பிடிபடாத சுருக்கமும் ஒரு பகுதி. அந்தப் பிடிபடாத பகுதியில் பல, என் அம்மாவுக்கு வந்தது போலக் கொழுப்பில் தொடங்கியவை என்று டாக்டர்கள் இப்போது கருதுகிறார்கள். ஆகவே குடி ஒரு காரணம் என்பதை நான் மறைக்கவில்லை. அது ஒன்றே காரணம் என்று எண்ணுவதுதான் தவறு.

ஹெப்படைட்டிஸ் பி கிருமியைப் பற்றி இங்குள்ள பெற்றோர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அது இரத்தத்தாலும் உடலுறவாலும் பரவும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கு ஒட்டும். ஒரே தட்டில் சாப்பிட்டால், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் ஒட்டாது. ஆகவே அப்படிப்பட்டவர்களை ஒதுக்கி வைப்பது அறியாமை. பச்சைக் குழந்தையில் பிடித்தால் பத்தில் ஒன்பது குழந்தைக்கு ஆயுள் முழுதும் தங்கிவிடும். வளர்ந்த பின் பிடித்தால் பெரும்பாலும் தானே போய்விடும். தங்கிப்போனது ஈரல் சுருக்கத்துக்கும் புற்றுநோய்க்கும் வழி வைக்கிறது. மலேசியாவில் 1989 முதல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள். எனவே இங்கு உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் பாக்கியசாலிகள். அவர்களுடைய அப்பா அம்மாக்களில் பலரும் தாத்தா பாட்டிகள் அத்தனை பேரும் அந்தக் கோட்டுக்கு முன்னால் பிறந்தவர்கள்.

நான் பிறந்தது 1988-ல். என் தம்பி 1991-ல். அவனுக்கு ஊசி போட்டார்கள், எனக்கில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோதுதான் இந்த ஒரு வருட இடைவெளி எனக்கு உறைத்தது. இரத்தம் கொடுத்துச் சோதித்தேன். முடிவு வரும் வரை வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தால் எழுத்துத் தெரியவில்லை. நல்ல வேளை, கிருமி இல்லை. மூன்று ஊசி போட்டுக்கொண்டேன், ஆறு மாதத்தில் முடிந்தது. கிருமி இருந்தாலும் உலகம் முடிந்துவிடாது, அதை அடக்கி வைக்க மாத்திரை இருக்கிறது. கர்ப்பிணிகள் தவறாமல் இந்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும். தாய்க்கு இருப்பது தெரிந்தால் பிறந்த குழந்தையை உடனே காப்பாற்றலாம்.

ஹெப்படைட்டிஸ் சி என்பது இதன் பங்காளி. தடுப்பூசி கிடையாது, ஆனால் முழுதாகக் குணப்படுத்தலாம். அதை 1989-ல்தான் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் ஆபரேஷனிலோ பிரசவத்திலோ இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், எப்போதாவது போதை ஊசி போட்டவர்கள், சுத்தமில்லாத ஊசியால் பச்சை குத்திக்கொண்டவர்கள் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. இதற்கான புது மாத்திரை வந்த புதிதில் அமெரிக்காவில் ஒருவருக்கு 84,000 டாலர் ஆயிற்று! 2017-ல் மலேசிய அரசாங்கம் காப்புரிமைக்காரரைக் கேட்டுக்கொண்டிராமல், சட்டப்படி தனக்குள்ள உரிமையைப் பயன்படுத்தி மலிவு மருந்தை வரவழைத்தது. 2018 முதல் அரசாங்க மருத்துவமனைகளில் இலவசச் சிகிச்சை. பெரும்பாலோர்க்கு 12 வாரம் மாத்திரை, நூற்றில் 95 பேர் வரை குணம். அரசாங்கத்தைக் குறை சொல்ல ஆயிரம் இருக்கலாம், இதற்குக் கைதட்டத்தான் வேண்டும்.

இனி கீழாநெல்லி. மஞ்சள் காமாலை என்றவுடன் நம் பாட்டிமார் கீழாநெல்லியைப் பறித்து அரைத்து மோரில் கொடுப்பார்கள். அப்பாவுக்கும் கொடுத்தார்கள். இது வெறும் மூடநம்பிக்கை என்று தூக்கியெறிய மாட்டேன். சென்னையைச் சேர்ந்த எஸ். பி. தியாகராஜன் குழுவினர், ஹெப்படைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கோடு சேர்ந்து, கீழாநெல்லி கொடுத்த 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்தது என்று 1988-ல் லான்செட் மருத்துவ ஏட்டில் எழுதினார்கள். உலகமே நம் கொல்லைப்புறச் செடியைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு மற்ற நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. விஞ்ஞானம் என்பது அதுதான், நமக்குப் பிடித்த விடை வந்தாலும் மறுபடி சரிபார்க்க வேண்டும். காமாலை என்பது ஒரு நோயல்ல, பல நோய்களின் அடையாளம். சிலது தானே தெளியும், அந்தப் புகழ் செடிக்குப் போய்விடும். சிலது தெளியாது. எது என்று தெரியாமல் நாள் கடத்தினால் ஆள் போய்விடும். சந்தையில் விற்கும் பெயர் தெரியாத மஜூன், ஜாமு வகைகளில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இல்லாததை வாங்காதீர்கள். எண் இருந்தாலும் டாக்டரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள்.

மற்றவற்றை விரைந்து சொல்லிவிடுகிறேன். செம்பனைத் தோட்டத்தில் எலி அதிகம். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலிலுள்ள புண் வழியே போனால் எலிக் காய்ச்சல் வரும், அதிலும் கண் மஞ்சளாகும். பூட்ஸ் இல்லாமல் வேலைக்காட்டில் இறங்காதீர்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்தால் 'தோட்டத்தில் வேலை செய்கிறேன்' என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பூசணம் பிடித்த நிலக்கடலை, மக்காச்சோளம் இவற்றில் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு இருக்கும், 'வறுத்தால் சரியாப் போயிடும்' என்பது பொய். 1988 அக்டோபரில் பேராக்கில் கெட்டுப்போன லோ ஷீ ஃபன் மீயைத் தின்று 13 பிள்ளைகள் ஈரல் செயலிழந்து இறந்தார்கள். அதிலும் இந்த நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது. பனடால் நல்ல மருந்துதான். ஆனால் ஒரு நாளைக்கு எட்டு மாத்திரைக்கு மேல் பெரியவர்களுக்கும் ஆகாது, குடிப்பவர்களுக்கு அதுவே அதிகம்.

கண் மஞ்சள், தேத்தண்ணீர் நிறத்தில் சிறுநீர், வயிறு வீக்கம், கால் வீக்கம், இரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், திடீரென்று ஆள் மாறிப் பிதற்றுவது ஆகியவை கடைசிக் கட்டத்து அடையாளங்கள். இவற்றுக்காகக் காத்திருக்கக் கூடாது. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது உங்கள் இடுப்பை. நான் தையல் டேப் ஒன்று கொண்டு வந்திருக்கிறேன். (இவ்விடத்தில் தண்டல் ஐயா ஒருவர் முன்வந்து அளந்துகொண்டார், அரங்கில் சிரிப்பொலி.) ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதைத் தாண்டினால் சோதனைக்குப் போங்கள். தாண்டாதவர்களுக்கும் இனிப்பு நீர் இருந்தால் போக வேண்டும். உடம்பு எடையில் நூற்றுக்கு ஏழு முதல் பத்துப் பங்கு குறைந்தாலே ஈரல் கொழுப்பும் அழற்சியும் தணிகிறது. 80 கிலோ உள்ளவர் ஆறு, எட்டுக் கிலோ குறைத்தால் போதும். அதற்கு மாத்திரை தேட வேண்டியதில்லை. கட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கை நாளுக்கு மூன்று என்பதிலிருந்து ஒன்றாக்குங்கள். சீனி போடாத காப்பி குடிப்பவர்களுக்கு ஈரல் நோய் குறைவு என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. சீனி போடாத என்ற சொல்லை மறந்துவிட்டு என் பேரைச் சொல்லாதீர்கள்! பிள்ளைகளுக்கும் இக்காலத்தில் கொழுப்பு ஈரல் வருகிறது. வெளியே மேசையில் நமக்காக அடுக்கி வைத்திருக்கும் வண்ணத் தண்ணீரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அன்பளிப்பாகக் கொடுத்தவர் முன் வரிசையிலேயே இருக்கிறார்.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அம்மா வீடு திரும்பியதும் அவருடைய பழைய இரத்தச் சோதனைத் தாள்களை எடுத்துப் பார்த்தேன். இரத்தத்தில் தட்டணுக்கள் என்று ஒரு வரி உண்டு. ஈரல் இறுக இறுக அவை குறையும். நான்கு ஆண்டுத் தாள்களில் அந்த எண் படிப்படியாக இறங்கி வந்திருந்தது. ஈரலுக்கென்று பார்க்கும் மற்ற அளவுகள் பெரும்பாலும் சரியாகவே இருந்தன, நோய் இருந்தாலும் அவை சரியாக இருக்கலாமாம். வயது, இரண்டு ஈரல் அளவுகள், தட்டணுக்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் வைத்து ஈரலில் தழும்பு இருக்குமா என்று டாக்டர் ஒரு நிமிடத்தில் கணக்குப் போடலாம். எங்களுக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை. அந்தத் தாள்களைத் தேதி வாரியாகத் துளை போட்டுக் கோப்பில் அடுக்கி வைத்தவள் நான். ஒரு பிள்ளை கணக்கில் 80-லிருந்து 60-க்கு இறங்கினால் பெற்றோரைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்கிறவள், என் அம்மாவின் மதிப்பெண் நாலு வருஷம் இறங்கியதைப் பார்க்கவில்லை.

அம்மா இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக்கொள்கிறார். ஈரல் பழையபடி ஆகாது, மேலும் கெடாமல் வைத்திருக்கிறார்கள். கோயிலுக்கும் மறுபடி போகிறார். இன்று இங்கே, மூன்றாவது வரிசையில் நீலச் சேலையில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். என்னைப் பற்றி எல்லாத்தையும் சொல்லு என்று அனுமதி கொடுத்ததும் அவர்தான்.

பள்ளி விடுமுறை தொடங்கும் முதல் திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குப் பெற்றோர் சங்க வேன் பள்ளி வாசலிலிருந்து அரசாங்கக் கிளினிக்குக்குப் புறப்படும். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. 40 வயதைத் தாண்டிய வருமானம் குறைந்தவர்களுக்கு 2019-ல் தொடங்கிய பெக்கா பி40 சோதனைத் திட்டமும் இருக்கிறது. உங்கள் பெயர் அதில் உண்டா என்று நான் பார்த்துச் சொல்கிறேன். குடிக்கிறவர்களும் வரலாம், குடிக்காதவர்களும் வரலாம், யாரிடமும் யாரும் கேட்கப் போவதில்லை. அடையாள அட்டை, பழைய சோதனைத் தாள்கள் இருந்தால் அவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். முந்தின இரவு பத்து மணிக்கு மேல் எதுவும் சாப்பிடாமல் வெறும் வயிற்றோடு வாருங்கள், வெறும் தண்ணீர் குடிக்கலாம். இனிப்பு நீருக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் மட்டும் பட்டினி இருக்குமுன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், கிளினிக்கில் கேட்டுச் சொல்கிறேன். வேனில் 12 பேருக்குத்தான் இடம். ஓட்டுநருக்குப் பக்கத்து இடம் அம்மாவுக்கு என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்.